வாங்கியாச்சு சரி, பார்த்துக்கிறது யாரு?

நம்ம டிபார்ட்மென்ட் லேப்ல உங்க முன்னாடி இருக்கிற சிஸ்டம் ஆன் ஆகலைன்னா என்ன செய்வீங்க? ஒரு குரல் கொடுப்பீங்க. லேப் அசிஸ்டென்ட் வருவார், பின்னாடி ஒயரை ஒரு தடவை பிடுங்கிச் செருகிப் பார்ப்பார். அவரால முடியலைன்னா சிஸ்டம் அட்மின். அவராலயும் முடியலைன்னா ஏஎம்சி எடுத்த கம்பெனிக்காரர். நீங்க அதுக்குள்ள பக்கத்து சிஸ்டத்துல உட்கார்ந்து ரெக்கார்டை முடிச்சிருப்பீங்க. இந்த மூணு பேரோட சம்பளமும் நாம கட்டுற ஃபீஸ்ல இருக்கு. அதனாலதான் அப்படி மூணு பேர் இருக்காங்கன்னே நாம யோசிக்கிறதில்லை. நான் படிச்ச இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்லயும் கம்ப்யூட்டர் லேப்புக்குன்னே ஒரு சார் உண்டு.

இப்போ இதே கேள்வியை பழங்காநத்தம் ரவுண்டானால நின்னு கேட்டுப் பாருங்க. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்துல ஒரு மாநகராட்சிப் பள்ளியோ அரசுப் பள்ளியோ வரும். திருப்பரங்குன்றம் தாண்டிப் போனா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள். ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு. அப்படி ஒரு பள்ளியில ஸ்மார்ட் போர்டு ஹேங் ஆச்சுன்னா டீச்சர் யாரைக் கூப்பிடுவாங்க?

நான் சொல்ல வர்றது இதுதான்: நம்ம அரசுப் பள்ளிகளுக்கு இனிமே அவசரமா தேவைப்படுறது இன்னொரு கருவி இல்லை, இன்னொரு ஆப்பும் இல்லை. இருக்கிறதைப் பார்த்துக்கிற ஆள்.

வாங்கினதுல குறை சொல்ல முடியாது

தமிழ்நாடு செலவு பண்ணலைன்னு யாரும் சொல்ல முடியாது. 2011 செப்டம்பர்ல தொடங்கின இலவச மடிக்கணினித் திட்டத்துல 50 லட்சத்துக்கும் மேல லேப்டாப் கொடுத்திருக்காங்க. விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. உங்கள்ல பலர் வீட்டுல அக்காவோ அண்ணனோ வாங்கின அந்த லேப்டாப் இன்னும் கிடக்கும். அதுக்கப்புறம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள்ல 6,029 ஹைடெக் லேப். அடுத்த கட்டமா 22,931 ஸ்மார்ட் வகுப்பறைக்கு 455 கோடி ரூபாய், 8,209 ஹைடெக் லேப்புக்கு 519 கோடி, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட் வாங்க 101 கோடி. கூட்டினா சுமார் 1,076 கோடி.

இது பெரிய விஷயம். இந்தியாவுல எத்தனையோ மாநிலத்துல பள்ளிக்கூடத்துக்கு கரண்டே ஒழுங்கா வர்றதில்லை. ஆனா இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு ஒண்ணு தெரியும். ஒரு பொருளோட விலைங்கிறது பில்லுல இருக்கிற தொகை மட்டும் இல்லை. யூபிஎஸ் பேட்டரி மூணு நாலு வருஷத்துல செத்துரும். மதுரை வெயில்லயும் புழுதியிலயும் சிபியு ஃபேன் அடைச்சுக்கும். ரவுட்டர் இடி மின்னல்ல போகும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு சப்போர்ட் முடிஞ்சிரும். இன்டர்நெட் பில் மாசாமாசம் வரும்.

அந்த மாசாந்திரச் செலவு எவ்வளவு சின்னதா இருந்தாலும் அதுலதான் எல்லாம் மாட்டுது. 2024 டிசம்பர்ல ஒரு செய்தி வந்தது ஞாபகம் இருக்கா? பாக்கி கட்டாததால சில ஆயிரம் அரசுப் பள்ளிகளோட பிஎஸ்என்எல் இணைப்பு கட் ஆகப் போகுதுன்னு. பணம் கட்டியாச்சுன்னு அமைச்சர் விளக்கம் கொடுத்தார். நான் கவனிச்சது வேற. பேச்சுல இருந்த பாக்கி சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய். 1,076 கோடிக்குக் கருவி வாங்குற இடத்துல ஒன்றரைக் கோடி பில் ஒரு செய்தியா மாறுது. வாங்குறதுக்கு டெண்டர், விழா, ரிப்பன் எல்லாம் இருக்கு. பராமரிப்புக்கு அப்படி எதுவும் கிடையாது.

பீரோவுல பூட்டின கம்ப்யூட்டர்

ஒரு ஹெட்மாஸ்டரோட இடத்துல இருந்து யோசிங்க. பள்ளியில நைட் வாட்ச்மேன் இல்லை. லேப்டாப் திருடு போன பள்ளிகள்ல தலைமை ஆசிரியர்களே அதுக்குப் பணம் கட்டணும்னு சொன்ன சம்பவங்கள் நம்ம மாநிலத்துல நடந்திருக்கு. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல அவர் கையெழுத்து இருக்கு. ஆடிட் வந்தா பொருள் இருக்கான்னு கேட்பாங்க. பசங்க தொட்டாங்களா, ஏதாவது கத்துக்கிட்டாங்களான்னு கேட்கிற ஆடிட்டர் கிடையாது.

பயன்படுத்தி உடைஞ்சா கேள்வி வரும். பயன்படுத்தாம புதுசா வச்சிருந்தா கேள்வி வராது. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? பூட்டி வைப்பீங்க. "அரசுப் பள்ளியில கொடுத்தாலும் யூஸ் பண்ண மாட்டாங்க"ன்னு நாம கேன்டீன்ல உட்கார்ந்து ஈஸியா சொல்றோம். அவர் யூஸ் பண்ணாம இருக்கிறதுக்கு சோம்பேறித்தனம் காரணம் இல்லை, அந்த ரூல்தான் காரணம்.

எமிஸ் எனும் இன்னொரு வகுப்பு

அடுத்தது எமிஸ். அரசுப் பள்ளி ஆசிரியர் யாரையாவது தெரிஞ்சா இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்க, முகமே மாறும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நம்பர், அதுல வருகை, மதிப்பெண், புத்தகம், சைக்கிள், உடல்நலம்னு எல்லாம். ஐடியா அருமை. பள்ளியை விட்டு நின்ன குழந்தையைக் கண்டுபிடிக்க, எந்தப் பள்ளிக்கு எத்தனை நோட்டு அனுப்பணும்னு கணக்குப் போட இந்த மாதிரி ஒரு டேட்டாபேஸ் கட்டாயம் வேணும்.

பிரச்சனை, அந்த டேட்டாவை யார் உள்ளே போடுறதுங்கிறது. ஒரு டீச்சருக்கு நாளைக்கு 20 நிமிஷம் ஆகுதுன்னு வச்சுக்குவோம். 220 வேலை நாளுக்கு 4,400 நிமிஷம், அதாவது 73 மணி நேரம். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரப் பாடம்னா, கிட்டத்தட்ட 15 நாள் பாடம் ஃபோனுக்குள்ள போயிருச்சு. ரெண்டு டீச்சர் இருக்கிற பள்ளியில ஒருத்தர் சர்வர் சுத்துறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா, அஞ்சு வகுப்பையும் இன்னொருத்தர்தான் பார்க்கணும்.

இதுபோக ஒன்றிய அரசோட யூடைஸ் பிளஸ் தனி. ஆதார்ல ஒரு பேர், பள்ளி ரெக்கார்டுல ஒரு பேர்னு வந்தா அங்கிட்டும் இங்கிட்டும் அலையணும். நம்ம ஊர்ல இனிஷியல் ஒரு பக்கம் வரும், ஆதார்ல அப்பா பேர் முழுசா வரும். தமிழ்ப் பேரை இங்கிலீஷ்ல எழுதுறதுல ஆயிரம் வகை. பழங்காநத்தத்துக்கே 'ழ'வுக்கு இசட் எச் போடுறவங்க உண்டு, எல் போடுறவங்க உண்டு. ஒரே ஊருக்கே இப்படின்னா, ஒரு குழந்தையோட பேர் நாலு டேட்டாபேஸ்ல எப்படி ஒண்ணாகும்? நேம் மேட்சிங்னு ஒரு முழு செமஸ்டர் படிக்கலாம். ஆனா இங்கே அந்த வேலையை மூணாம் வகுப்பு டீச்சர் மதியச் சாப்பாட்டு நேரத்துல பண்றாங்க.

நியாயமாச் சொல்லணும்னா, அரசும் இதைக் கவனிச்சிருக்கு. ஹைடெக் லேப்களுக்கு நிர்வாகி மற்றும் பயிற்றுநர்னு அவுட்சோர்ஸிங் மூலமா ஆட்களை எடுத்து, எமிஸ் பதிவு வேலையில பெரும்பகுதியை அவங்களுக்கு மாத்தினாங்க. நல்ல முடிவு. ஆனா பேரைப் பாருங்க: லேப் நிர்வாகி, பயிற்றுநர், இப்போ டேட்டா என்ட்ரியும். ஒரு ஆள், மூணு வேலை. அதுவும் ஒப்பந்தத்துல. லேப்பே இல்லாத தொடக்கப் பள்ளிக்கு அப்படி ஒருத்தர் தனியா இல்லை.

பக்கத்து வீட்டுக்காரன் என்ன பண்ணினான்?

அமெரிக்காவைப் பெருசா நினைக்காதீங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல 2013ல எல்லா மாணவருக்கும் ஐபேட்னு சுமார் 130 கோடி டாலர் திட்டம் போட்டாங்க. கொடுத்த கொஞ்ச நாள்லயே பசங்க செக்யூரிட்டி செட்டிங்கைத் தாண்டி ஃபேஸ்புக் போயிட்டாங்க. பாடத்துக்கான மென்பொருளும் முழுசா ரெடி ஆகலை. 2014ல திட்டத்தை நிறுத்திட்டாங்க. பணம் இருந்தா மட்டும் போதாதுங்கிறதுக்கு அது போதும்.

அதைவிட கேரளாவைப் பாருங்க. 2001ல ஐடி அட் ஸ்கூல்னு தொடங்கினது 2017ல கைட்னு ஒரு அரசு நிறுவனமா மாறிச்சு. பள்ளிகளோட தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கிறதுதான் அதோட வேலையே. அவங்களே ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தயாரிச்சு எல்லாப் பள்ளிக்கும் கொடுத்தாங்க, லைசென்ஸ் காசு மிச்சம். ஒவ்வொரு பள்ளியிலயும் ஐடி ஒருங்கிணைப்பாளரா ஒரு ஆசிரியர். கருவி வாங்கும்போதே வாரன்டி, புகார் சொல்ல ஒரு தளம். 2018ல லிட்டில் கைட்ஸ்னு மாணவர் மன்றம் தொடங்கி, பள்ளியோட கருவிகளைப் பராமரிக்கிறதுலயும் பசங்களையே சேர்த்துக்கிட்டாங்க. பசங்க தொட்டா உடைச்சிருவாங்கன்னு அங்கே பூட்டி வைக்கலை.

"அதெல்லாம் சரி, காசு?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். சமக்ர சிக்‌ஷா நிதியில 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வச்சு, தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. கஷ்டம் உண்மை. ஆனா ஒரு கணக்குப் போடுவோம். மாநிலத்துல சுமார் 400 கல்வி வட்டாரம். வட்டாரத்துக்கு ரெண்டு டெக்னீஷியன், மாசம் 30,000 ரூபாய் சம்பளம்னா, வருஷத்துக்கு 29 கோடிக்குள்ள. அஞ்சு வருஷத்துக்கு 144 கோடி. மேல சொன்ன 1,076 கோடியில நூறு ரூபாய்க்குப் பதிமூணு ரூபாய். ஒரு பைக், ஒரு டூல் கிட், ரெண்டு ஸ்பேர் யூபிஎஸ் கொடுத்தா வட்டார வள மையத்துல இருந்து எந்தப் பள்ளிக்கும் ஒரு நாள்ல போய்ச் சேரலாம். மீதி 87 ரூபாயைக் காப்பாத்துறது அந்த 13 ரூபாய்தான்.

இதுல நமக்கு என்ன?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் எத்தனை? ஸ்மார்ட் ஸ்கூல் மேனேஜ்மென்ட் ஆப் எத்தனை? ஏற்கெனவே ஆப்புல மூழ்கிக் கிடக்கிற டீச்சருக்கு நாம இன்னொரு ஆப் செஞ்சு கொடுக்கிறோம். வைவா முடிஞ்சதும் அந்த கோடை நாமே திறந்து பார்க்கிறதில்லை.

அதுக்குப் பதிலா, என்எஸ்எஸ் மூலமா தலைமை ஆசிரியர்கிட்ட முறையா அனுமதி வாங்கிட்டு, பக்கத்துல ஒரே ஒரு பள்ளிக்குப் போங்க. எத்தனை சிஸ்டம் ஓடுது, எது ஏன் ஓடலை, எந்தப் புகார் எத்தனை நாள் கிடக்குதுன்னு ஒரு பட்டியல் எடுங்க. பழைய மெஷின்ல லேசான லினக்ஸ் போட்டு எழுப்ப முடியுமான்னு பாருங்க. எட்டாம் வகுப்புப் பசங்க நாலு பேருக்கு ராம் கழட்டி மாட்டக் கத்துக் கொடுங்க. தமிழ்ப் பேர் மேட்சிங்கை உங்க ப்ராஜெக்டா எடுங்க, ஆனா நிஜக் குழந்தைகளோட டேட்டாவை பென்டிரைவ்ல தூக்கிட்டு வராதீங்க. பிளஸ் டூ ரிசல்ட் நேரத்துல முன்பின் தெரியாத காலேஜ்ல இருந்தெல்லாம் வீட்டுக்கு ஃபோன் வந்துச்சே, நம்பர் எப்படிப் போச்சுன்னு நாம எல்லாரும் அன்னைக்கு யோசிச்சோம்தானே?

ஒண்ணு மட்டும் தெளிவா இருக்கணும். நாம இலவசமாப் போய் ரெண்டு சனிக்கிழமை ரிப்பேர் பண்றது அந்த வேலைக்குப் பதில் ஆகாது. மே மாசம் நாம கேம்பஸை விட்டுப் போயிருவோம், ஜூன்ல பள்ளி திறக்கும். அதனால நாம எடுக்கிற பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் எழுத்துல கொடுக்கணும். இத்தனை கருவி, இத்தனை பழுது, இத்தனை நாள் தாமதம், ஆள் வேணும்னு.

நம்ம செட்ல வேலை தேடுறவங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். டிப்ளமோ முடிச்சவங்க அதைவிட அதிகம். ஒரு பக்கம் ரிப்பேருக்கு ஆள் இல்லாத பள்ளி, இன்னொரு பக்கம் வேலை இல்லாத டெக்னீஷியன். நடுவுல இல்லாதது ஒரு அரசாணை மட்டும்தான். அடுத்த தடவை யாராவது புது டேப்லெட் திட்டம் அறிவிச்சா, நம்ம எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி எத்தனைங்கிறது இல்லை. கெட்டுப் போனா யார் வருவாங்கங்கிறதுதான்.