தானோட்டிக் கப்பலின் கண்ணில் ஃபைபர் படகு படுமா?

2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் அரபிக்கடலில், ‘ஏபிஎல் லீ ஹாவ்ரே’ என்ற சிங்கப்பூர் சரக்குக் கப்பலும், பேப்பூரிலிருந்து மீன்பிடிக்கப் போன ‘ரபா’ விசைப்படகும் மோதின. படகில் தமிழ்நாட்டு மீனவர்கள் உட்பட 14 பேர். உயிருடன் மீட்கப்பட்டவர்கள் இரண்டே பேர்.

அது ஆட்கள் ஓட்டிய கப்பல். இனி வரும் கப்பல்கள் சிலவற்றில் ஆட்களே இருக்கமாட்டார்கள். நார்வேயின் ‘யாரா பிர்க்லாண்ட்’ மின்கப்பல், படிப்படியாக ஆளில்லாமல் ஓடும் நோக்கத்துடன் 2022 முதல் உரம் ஏற்றிச் செல்கிறது. அதே ஆண்டில் ஜப்பானின் ‘சுசாக்கு’, நெரிசல் மிகுந்த டோக்கியோ விரிகுடா வழியாகத் தானாகவே வழி கண்டு சென்று திரும்பியது.

இந்தத் தொழில்நுட்பத்தை எதிர்ப்பதில் பொருளில்லை. 2021 டிசம்பரில் பால்டிக் கடலில் ‘ஸ்காட் கேரியர்’ என்ற சரக்குக் கப்பல் மோதி டென்மார்க் கப்பலொன்று கவிழ்ந்து இருவர் இறந்தார்கள். ‘ஸ்காட் கேரியரில்’ காவலில் இருந்த அதிகாரி குடித்திருந்தார், கையில் டேப்லெட்டும் இருந்தது. கணினி குடிக்காது, தூங்காது.

ஆனால் அது எதைப் பார்க்கிறது? தன் இருப்பைப் பிற கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி, பன்னாட்டு விதிப்படி, பன்னாட்டுப் பயணத்தில் 300 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குக் கட்டாயம். நாகப்பட்டினத்து ஃபைபர் படகில் அதை எதிர்பார்க்க முடியாது. ஃபைபரும் மரமும் ரேடார் அலையை வலுவாகத் திருப்பி அனுப்புவதில்லை. அலைகளின் இரைச்சலை வடிகட்டும்போது அந்தப் படகும் சேர்ந்து திரையிலிருந்து மறைந்துவிடலாம். மழை இரவில் கேமராவும் தடுமாறும்.

கண்ணாலும் காதாலும் எப்போதும் காவல் இருக்க வேண்டும், வலை இழுக்கும் படகுக்கு இயந்திரக் கப்பல் விலகி வழிவிட வேண்டும் என்பது 1972இன் மோதல் தவிர்ப்பு விதி. காவல் இருப்பது மென்பொருள் என்பதற்காக இந்தக் கடமை தளரக் கூடாது.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு தானோட்டிக் கப்பல்களுக்கான விதித்தொகுப்பை 2032இல் கட்டாயமாக்கத் திட்டமிட்டுள்ளது. அதற்குள் இந்தியா அங்கே உரக்கப் பேச வேண்டும். நார்வேயின் அமைதியான ஃபியோர்டில் தேறினால் போதாது. வடகிழக்குப் பருவமழை இரவில், ஏ.ஐ.எஸ். இல்லாத படகுகளுக்கு நடுவே சோதனை நடக்கட்டும். அதை வகுக்கும் இடத்தில் மீனவர் சங்கங்களும் அமரட்டும். அதில் தேறாத கப்பலை ஆளில்லாமல் இந்தியத் துறைமுகங்களுக்கு வர அனுமதிக்கக் கூடாது.