அவையைப் போற்றும் கவிதையும் அவையைத் திருத்தும் கவிதையும்

கவிதை கண்ணால் படிக்கப்படுவதற்கு முன்னரே செவியால் கேட்கப்பட்டது. மன்னனுக்கு அவன் கடமையை எடுத்துரைக்கும் பாடல்களைச் ‘செவியறிவுறூஉ’ என்னும் தனித்துறையாகவே நம் முன்னோர் வகுத்தனர். இடித்துரைக்கும் துணையில்லாத அரசன் பகைவர் இன்றியே கெடுவான் என்றார் வள்ளுவப் பெருந்தகை. அவையில் கவிஞன் எழுந்து நிற்பது போற்றுவதற்கு மட்டுமன்று, திருத்துவதற்கும்தான் என்பது இதனால் பெறப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்திய அவைகளிலும் கவிதை இப்பணியை ஆற்றியது. அவ்வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தில்லியில் மாபெரும் தர்பார் கூடியது. விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசியாக அங்கே அறிவிக்கப்பெற்றார். தலைமை தாங்கியவர் வைசிராய் லிட்டன் பிரபு. சிற்றரசர்கள் அணி அணியாக வந்து வணங்கினர். அதே வேளையில் சென்னை மாகாணமும் மைசூரும் தாது வருடப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தன. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சத்தில் மாண்டவர் தொகை ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுவர்.

அவ்வாண்டில் கல்கத்தாவில் இந்து மேளா கூடியது. நாட்டுணர்வை வளர்க்கும் நோக்குடன் 1867இல் நவகோபால் மித்திரர் முதலானோர் தொடங்கிய ஆண்டுவிழா அது. அதில் பதினைந்து வயதுச் சிறுவர் ஒருவர் தில்லி தர்பாரைக் கண்டித்துத் தாம் எழுதிய கவிதையைப் படித்தார். அடிமைத் தளையை அணியெனக் கொண்டு மகிழும் மன்னர்களை அக்கவிதை வெளிப்படையாகவே இடித்துரைத்தது. அச்சிறுவரே பிற்காலத்தில் உலகம் போற்றிய இரவீந்திரநாத் தாகூர்.

அடுத்த ஆண்டே, 1878இல், லிட்டன் பிரபு தாய்மொழி இதழ்களை அடக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவையில் ஒலித்த அக்கவிதை அதே வடிவில் அச்சேற வழியில்லாமற் போயிற்று. பின்னர்த் தாகூரின் தமையனார் சோதிரிந்திரநாதர் எழுதிய நாடகம் ஒன்றில் அது இடம்பெற்றபோது, ‘பிரித்தானியர்’ என்றிருந்த இடத்தில் ‘முகலாயர்’ என்னும் சொல் அமர்ந்தது. ஆளும் வலியோரைச் சுட்டிய சொல், ஆண்டு மறைந்தோரைச் சுட்டும் சொல்லாக மாறிவிட்டது. மறுமொழி கூற இயலாதவரைக் கண்டிப்பது எளிது. அதில் துணிவுமில்லை, பயனுமில்லை. அவையில் இருப்போரைச் சுட்டும்போதுதான் கண்டனக் கவிதைக்கு உயிர் உண்டு.

இரண்டாவது நிகழ்ச்சி நம் சமுதாயத்தைச் சார்ந்தது. தில்லி தர்பார் கூடிய எட்டாம் நாளில், அதே லிட்டன் பிரபு அலிகரில் சர் சையது அகமது கானின் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். இதனால் சர் சையதைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1857க்குப் பின் நலிந்து கிடந்த சமுதாயத்துக்குக் கல்வியே மருந்து என்று அவர் கண்டார். ஆட்சியாளரோடு இணங்கிச் செல்வதை அதற்குரிய வழியாகக் கொண்டார். ஆயினும் தம் சமுதாயத்தின் செவிக்கு இனிப்பதை மட்டும் சொல்லுமாறு அவர் கவிஞரைக் கேட்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

அவர் தூண்டுதலால் பானிப்பட்டைச் சேர்ந்த அல்தாப் உசேன் ஹாலி 1879இல் ‘முசத்தஸ்’ என்னும் ஆறடிச் செய்யுள் நூலை உருதுவில் இயற்றினார். இஸ்லாத்தின் ஏற்றவற்றத்தைக் கடலின் ஏற்றவற்றமாகக் காட்டும் நூல் அது. முன்னோர் பெருமையைப் பாடுவதோடு ஹாலி நின்றுவிடவில்லை. செல்வர்களின் சோம்பலையும் கற்றோரின் பூசலையும் கவிஞர்களின் பொய்யுரையையும் ஒளிவுமறைவின்றிச் சாடினார். கூட்டங்களில் அது உரக்கப் படிக்கப்பட்டது. தம் குறையைத் தாமே கேட்டு மக்கள் கண்ணீர் வடித்தனர். சினந்தவரும் உண்டு. எனினும் மீண்டும் மீண்டும் கேட்டனர். நூல் நம்பிக்கையின்றி முடிகிறது என்று உணர்ந்த ஹாலி, 1886இல் நம்பிக்கையூட்டும் பகுதி ஒன்றைச் சேர்த்தார். இடித்துரைப்பது அன்பின் பாற்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் நிலைக்கு வருவோம். நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் கவியரங்கம் நடக்கிறது. தலைவர் வாழ்த்து, தாளாளர் வாழ்த்து, சிறப்பு விருந்தினர் வாழ்த்து என்று நேரத்தில் பாதி கழிகிறது. எஞ்சிய பாதியில் எங்கோ உள்ள கொடுங்கோலரைச் சாடிக் கைதட்டல் பெறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர், மஹர் கொடுத்து மணக்கவேண்டிய நாம் கைக்கூலி வாங்கி மணப்பது பற்றி எழுதி வந்தார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் வருந்துவர் என்று கருதி, அதில் நான்கு அடிகளை நாமே நீக்கச் செய்தோம். அவர் மறுமொழி பேசாமல் நீக்கிவிட்டார். அன்று அரங்கம் இனிதே நிறைவுற்றது. அந்த நான்கு அடிகளைக் கேட்கவேண்டியவர்கள் அனைவரும் அன்று அவையில் இருந்தனர் என்பது பின்னரே நம் நெஞ்சில் தைத்தது. அச்சட்டம் அங்கே செய்ததை இங்கே நம் அச்சமே செய்துவிட்டது.

வாழ்த்துப் பா வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நன்றி பாராட்டுதல் நற்பண்பே. ஆனால் ஒவ்வொரு கவியரங்கிலும் ஒரு கவிதையேனும், அவையில் அமர்ந்திருப்போரின் குறையை அன்போடும் சான்றோடும் எடுத்துரைக்கட்டும். ஆசிரியராகிய நம் குறையும் அதில் இடம்பெறட்டும். சமுதாயப் பெருமக்கள் அதனைப் பொறுமையோடு செவிமடுப்பார்களாக. கசப்பான மருந்தை மகன் கையால் வாங்கி உண்ணத் தயங்கும் தந்தை உண்டோ?

மாணவச் செல்வங்களே, அன்று நீக்கப்பட்ட அந்த நான்கு அடிகளை இனி வரும் அரங்கில் உரக்கப் படியுங்கள். நீக்கச் சொன்ன நாமும் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம்.