காது கேட்டும் சொல் விளங்காத பிள்ளைகள்



“சாமி, இவன் சொன்ன சொல் கேட்பதே இல்லை. மூன்று வேலை சொன்னால் ஒன்றைச் செய்துவிட்டு விழிக்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்” என்று, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனை ஒரு தாய் நம்மிடம் அழைத்து வந்தார். மறைக்கல்வி வகுப்பில் நாமும் அவனைக் கடிந்துகொண்டதுண்டு. மின்விசிறியின் இரைச்சலுக்கிடையே கடைசி வரிசையில் இருந்த அவன், ‘கதை’ என்று நாம் சொன்னதைக் ‘கடை’ என்று கேட்டு விடை சொல்ல, வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். இன்று அதை எண்ணி வருந்துகிறோம்.

மருத்துவர் சோதித்தபோது அவன் காதில் குறையேதும் இல்லை. பின்னர் நடந்த தனிச் சோதனைகளில்தான் உண்மை புலப்பட்டது. காது ஒலியைச் சரியாகவே வாங்குகிறது. அதைப் பிரித்தறிந்து பொருள் கொள்வதில் மூளை தடுமாறுகிறது. காதும் கேள்வியும் ஒன்றல்ல என்பதை 1954-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் எத்தோரே பொக்காவும் அவர்தம் தோழர்களும் காட்டினர். மூளையில் கட்டியுள்ள சிலர் சாதாரணச் செவிச் சோதனையில் தேறினர். சிதைத்து ஒலிக்கச் செய்த பேச்சையோ அவர்களால் அறிய இயலவில்லை. பிள்ளைகளிடம் காணும் இக்குறைக்குப் பெரும்பாலும் கட்டி காரணமன்று. எனவே பெற்றோர் அஞ்ச வேண்டாம்.

அமைதியான அறையில் நன்கு புரிந்துகொள்ளும் பிள்ளை இரைச்சலில் திணறுதல், அடிக்கடி “என்ன?” என வினவுதல், ஒத்த ஓசையுள்ள சொற்களை மாற்றிக் கேட்டல், தொடர்ந்து சொல்லும் கட்டளைகளை மறத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். கவனக்குறைவும் மொழிக்குறைபாடும் இவ்வாறே தோன்றுவதால், நாமே முடிவு கட்டலாகாது. முதலில் காதைச் சோதித்து, பின் ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் வல்லுநரை அணுகுதல் நன்று. இதற்கான தனிச் சோதனைகள் பொதுவாக ஏழு வயதுக்குப் பின்னரே செய்யப்படுகின்றன.

இதனை நீக்கும் மருந்தில்லை; ஆயின் வழிகள் உண்டு. பேசுமுன் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். அடுத்த அறையிலிருந்து கூவாமல், அருகே சென்று பெயர் சொல்லி அழைத்து, முகம் பார்த்துப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையே சொல்லுங்கள். அதைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். விளங்காவிடில் உரக்கக் கத்தாமல் வேறு சொற்களால் கூறுங்கள். வகுப்பில் மின்விசிறிக்கும் சன்னலுக்கும் விலகி முன்வரிசையில் இடம் கேளுங்கள். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுமாறு ஆசிரியரை வேண்டுங்கள்.

அச்சிறுவன் இப்போது நம் வகுப்பில் முதல் வரிசையில் இருக்கிறான். இன்னும் சில சொற்கள் அவனுக்குத் தவறுகின்றன. ஆனால் “மறுபடி சொல்லுங்கள், சாமி” என்று கேட்க அவன் அஞ்சுவதில்லை.

“ஏன் சொன்னதைக் கேட்கவில்லை?” என்று பிரம்பை எடுக்குமுன், “நாம் சொன்னது இவனுக்கு எவ்வாறு கேட்டது?” என்று ஒருமுறை நம்மையே வினவுவோமாக.