கணக்கில் வராத காயங்கள்

சாவடி என்பது வழிப்போக்கருக்கு நிழல் தரக் கட்டிய இடம். அப்பெயரைத் தாங்கி நிற்கும் நம் குமணன்சாவடியில், வாடகைக்கு வீடு தேடி வரும் குடும்பத்திடம் முன்பணத்தைச் சொல்லுமுன், "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்கிறோம். கேட்பவர் கையிலும் செபமாலை. கேட்கப்படுபவர் கையிலும் செபமாலை. பெத்லகேமில் இடமில்லை என்று சொன்ன சத்திரத்தை ஆண்டுதோறும் குடிலருகே நின்று பழிக்கும் நாம், அதே சத்திரத்தை இங்கே நடத்துகிறோம்.

இத்தகைய அவமதிப்புகள் காவல் நிலைய ஏடுகளில் ஏறுவதில்லை. ஏறியவற்றைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் 2021-இல் 50,900; 2022-இல் 57,582; 2023-இல் 57,789. உடனே, "சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்" என்பார் நம்மிடையே உண்டு. எண் உயர்ந்தால் கொடுமை பெருகியிருக்கலாம். அஞ்சிக் கிடந்தவர் புகார் தரத் துணிந்துமிருக்கலாம். புகாரே வராத ஊர் நல்ல ஊர் என்பதற்கில்லை. வாயடைக்கப்பட்ட ஊராகவும் இருக்கக்கூடும்.

இலண்டனில் 1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டார். அவ்வழக்கின் விசாரணையை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை, பாதிக்கப்பட்டவரோ வேறெவரோ ஒரு நிகழ்வை இனவெறிச் செயலெனக் கருதினால் காவல்துறை அதனை அவ்வாறே பதிய வேண்டும் என்று 1999-இல் பரிந்துரைத்தது. காயப்பட்டவன் சொல்லுக்கு அங்கே முதலிடம். இங்கோ தலித் கிறிஸ்தவன் தன் காயத்தின் பெயரைச் சொன்னாலும் சட்டம் கேட்பதில்லை.

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. ஆகவே 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவருக்கில்லை. ஒரே தெருவில், ஒரே வசையோடு அண்ணனும் தம்பியும் தாக்கப்பட்டால், இந்துவான அண்ணனின் வழக்கு சிறப்பு நீதிமன்றம் செல்லும். கிறிஸ்தவனான தம்பியுடையது வெறும் அடிதடி. அடித்தவன் திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்டு அடிக்கவில்லை. சட்டம் மட்டுமே அதைக் கேட்கிறது.

அரசைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. சாதி உணர்வு கிறிஸ்தவத்துக்கு முரணானது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் 2003-இல் எடுத்துரைத்தார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்கள் மேம்பாட்டுக்கெனக் கொள்கையே வெளியிட்டது. திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் ஏடு வைத்திருக்கும் நம் பங்குகளில், சாதியால் நேரும் அவமதிப்பை எழுதிவைக்க ஓர் ஏடு உண்டா?

1950 ஆணையின் மூன்றாம் பத்தி நீங்க வேண்டும் என்று கேட்போம், உரக்கக் கேட்போம். ஆனால் அந்தக் கோரிக்கை மனுவில் கையெழுத்திடும் கை, வாடகை வீட்டின் கதவையும் திறக்கட்டும். அதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை.