ஸ்பிரிட் காயட்டும்

காய்ச்சல் விடாமல் அடித்தால் ஆஸ்பத்திரியில் ‘பிளட் கல்ச்சர்’ எடுக்கிறார்கள். இரத்தத்தைப் போத்தலில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று நாட்கணக்கில் பார்ப்பதுதான் அது. எல்லோருடைய தோலிலும் கிருமி உண்டு. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. ஊசியோடு போத்தலுக்குள் போனால் அதுவும் வளரும். எது நோய்க்கிருமி என்று டாக்டரே தடுமாறுவார். வேண்டாத மருந்து ஏறும், மறுபடி ஊசி, வார்டில் இன்னும் சில நாள். நமக்கோ நாளுக்கு ஒரு பேர் போகிறது.

70 சதவீத ஸ்பிரிட்டால் நன்றாகத் தேய்த்து, 30 செக்கனாவது காயவிட்டுக் குத்த வேண்டும். ஈரத்தில் குத்தினால் எரியும், கிருமியும் சரியாகச் சாகாது. துடைத்த இடத்தை நரம்பு தேடி வெறும் விரலால் மறுபடி தடவினால் துடைத்தது வீண். மலையிலிருந்து நேரே போகிறவர்கள் கொழுந்துக் கறையும் மண்ணும் போக முழங்கைக்கு மேல்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொள்வது நல்லது.

“மிஸ், கொஞ்சம் காயட்டுமே” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. நெரிசலில் ஓடும் தாதியோடு சண்டைக்கும் போகாதீர்கள். அந்த 30 செக்கன் அவருக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதை, ஆளணியைத் தீர்மானிக்கும் அதிகாரிகளிடம் சங்கமாய்க் கேட்போம்.