ஒரே மேசையில் டீ!

கோச்சடையில் பொழுது விடிந்ததும் முதலில் சூடேறுவது டீக்கடை பாய்லர்தான்.

மேலக்கால் ரோட்டு ஓரத்து பெஞ்சில் நாலு பேர் உட்காருகிறார்கள். ஒருவர் ஆலைக்குப் போகிறவர். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர். இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியார். கடைக்கு வரும் பேப்பர் ஒன்றே ஒன்று. அதை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் உரக்கப் படிக்கிறார். "அது எப்படி?" என்று இன்னொருவர் குறுக்கே கேட்கிறார். வாத்தியார் சொன்னது தப்பு என்று ஆட்டோக்காரர் அடித்துச் சொல்கிறார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இந்த பெஞ்சுக்கும் நோபல் பரிசுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு!

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் என்று ஓர் ஊர். அங்கே மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. இதுவரை 12 நோபல் பரிசுகள் அங்கே வேலை செய்தவர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. ஒரு நாட்டுக்கே ஒன்று கிடைத்தால் பெரிய காரியம். ஒரு கட்டிடத்துக்கு 12!

ஒரு சொட்டுத் தண்ணீரைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, பிரித்துக்கொண்டே போனால், இதற்கு மேல் பிரித்தால் தண்ணீரே இல்லை என்ற இடம் வரும். அதுதான் தண்ணீரின் மூலக்கூறு. நம் உடம்பும் இப்படிப்பட்ட மூலக்கூறுகளால் ஆனதுதான். அவை எப்படி அமைந்திருக்கின்றன, எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பதே அங்கே நடக்கும் ஆராய்ச்சி.

மனைவி நடத்திய கேன்டீன்

அந்தக் கூடத்தை உருவாக்கியவர் மாக்ஸ் பெரூட்ஸ். 1914ல் வியன்னாவில் பிறந்தவர். யூதக் குடும்பம். 1936ல் படிக்க கேம்பிரிட்ஜ் வந்தார். இட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் சொந்த ஊர் இல்லாமல் போயிற்று. 1940ல் "எதிரி நாட்டுக்காரன்" என்று இங்கிலாந்தும் அவரைப் பிடித்து அடைத்தது. கப்பலேற்றி கனடாவுக்கு அனுப்பியது. பிறகுதான் விட்டார்கள்.

நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருள் ஹீமோகுளோபின். அதன் உருவத்தைக் காண அவர் 1937ல் தொடங்கினார். முடித்தது 1959ல். 22 வருஷம்!

1962ல் அவருக்குப் புதுக் கட்டிடம் கிடைத்தது. கட்டிடத்தின் உச்சியில் அவர் கேட்டு வைத்தது பெரிய அதிகாரிக்கு அறை அல்ல. கேன்டீன்! அதை நடத்தியவர் அவர் மனைவி கிசெலா. இருபது வருஷத்துக்கு மேல் அவர் அதைக் கவனித்துக்கொண்டார்.

காலையில் காபி. மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் டீ. நோபல் பரிசு வாங்கியவரும், நேற்று வேலையில் சேர்ந்த பையனும், கருவி செய்து கொடுக்கும் பட்டறைக்காரரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். காலியாக இருக்கிற நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். பக்கத்தில் யார் என்று பார்த்து உட்காருகிற வழக்கம் இல்லை.

பெரூட்ஸ் "டைரக்டர்" என்ற பட்டத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. "சேர்மன்" என்பதே போதும் என்று இருந்தார்.

அங்கே இருந்த இன்னொருவர் பிரெடரிக் சாங்கர். 1958ல் ஒரு நோபல், 1980ல் ஒரு நோபல். அவருக்கு அரசாங்கம் "சர்" பட்டம் கொடுக்க வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன்னை யாரும் "சர்" என்று அழைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் அந்த "சார்" இல்லாமல் ஒரு ஆபீசில் ஒரு காகிதம் நகருமா?

ஒரு புள்ளி நகர்ந்தது!

பேசிக்கொண்டே டீ குடித்தால் விஞ்ஞானம் வளருமா என்று சிலர் சிரிக்கலாம். நடந்ததைப் பார்க்கலாம்.

அரிவாள் செல் நோய் என்று ஒரு ரத்த நோய். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடும். ரத்தக் குழாயில் அடைத்துக்கொள்ளும். வலி உயிரை வாங்கும். இது எங்கோ ஆப்பிரிக்காவில் மட்டும் இருக்கிற நோய் அல்ல. நம் நீலகிரி மலையில் வாழும் பழங்குடி மக்களிடம் இதன் கூறு இருப்பது 1952லேயே தெரிந்தது.

காரணம் என்ன? பெரூட்ஸின் குழுவில் வெர்னான் இங்கிராம் என்ற இளைஞர் இருந்தார். இதைப் பார் என்று பெரூட்ஸும், டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அவரைத் தூண்டினார்கள். இங்கிராம் நல்ல ஹீமோகுளோபினையும் நோயாளியின் ஹீமோகுளோபினையும் சிறு துண்டுகளாக்கினார். காகிதத்தில் பரவவிட்டார். புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இரண்டு காகிதத்திலும் எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல் இருந்தன. ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறி நின்றது!

146 மணிகள் கோத்த மாலை ஒன்று. அதில் ஒரு மணி மாறியிருக்கிறது. அவ்வளவுதான். அதற்காக ஒரு குழந்தை வாழ்நாள் முழுவதும் துடிக்கிறது. ஒரு பரம்பரை நோயின் மூலக் காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது அதுவே முதல் முறை. இன்று கல்யாணத்துக்கு முன்பே ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. பெண், மாப்பிள்ளை இருவருக்கும் அந்தக் கூறு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. ஜாதகம் பார்க்கிற வீடுகளில் இதையும் பார்த்தால் நல்லது.

மூத்தவர் தன் கேள்வியைத் தூக்கி இளையவர் கையில் கொடுத்தார். பெயரும் இளையவருக்கே போயிற்று. பெரூட்ஸ் பங்கு கேட்கவில்லை. இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

சிதம்பரத்தில் பிறந்தவர்

இதே கூடத்துக்கு 1999ல் ஒரு தமிழர் போய்ச் சேர்ந்தார். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952ல் சிதம்பரத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் நல்ல வேலையில் இருந்தார். கேம்பிரிட்ஜில் சம்பளம் குறைவு. தெரிந்தே போனார். அவர் எடுத்துக்கொண்டது ரைபோசோம். உடம்புக்கு வேண்டிய புரதங்களை உண்டாக்கும் எந்திரம் அது. வருஷக்கணக்கில் பலன் தெரியாமல் போகக்கூடிய வேலை. பொறுத்திருக்கும் இடம் வேண்டும் என்று அவர் தேடினார். 2009ல் நோபல் பரிசு வந்தது.

ஒரு சிதம்பரத்துக்காரர் அந்த மேசையைத் தேடிக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. இது பெருமையா, வருத்தமா?

தமிழ்நாட்டில் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1954ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், நம் தோலுக்கும் எலும்புக்கும் வலு தரும் கொலாஜன் என்ற பொருள் மூன்று புரி கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்போது ராமச்சந்திரனுக்கு வயது 31. அந்த வயதில் இன்று பல இளைஞர்கள் உதவித்தொகை எப்போது வரும் என்று மணியார்டர் காலத்து ஆட்கள்போல் காத்திருக்கிறார்கள்.

நாகமலைக்கு அந்தப் பக்கம்

கோச்சடையிலிருந்து மேற்கே பார்த்தால் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும். அதற்கு அந்தப் பக்கம், தேனி ரோட்டில், மதுரை காமராசர் பல்கலைக்கழகம். மரபணு ஆராய்ச்சி அங்கேயும் நடந்திருக்கிறது. பேராசிரியர் பிச்சப்பன், அமெரிக்க விஞ்ஞானி ஸ்பென்சர் வெல்ஸ் ஆகியோர் ஆராய்ச்சியில், உசிலம்பட்டிப் பக்கத்து ஆண் ஒருவரின் ரத்தத்தில் அரிய அடையாளம் ஒன்று கிடைத்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் அடையாளம் அது. சுமார் 50 ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை போன மனிதர்களின் தடம்!

அந்தத் தடம் தெரிய வேண்டுமானால் கிராமத்து ஆள் ஒருவர் கையை நீட்ட வேண்டும். ஆராய்ச்சியில் அவரும் ஒரு கூட்டாளிதான்.

ஆனால் நம் ஆராய்ச்சி நிலையங்கள் பலவற்றில் மேசைகள் தனித்தனி. பேராசிரியருக்கு ஓர் அறை. மாணவர் வாசலில் நிற்க வேண்டும். "எனக்குப் புரியவில்லை" என்றால் அடக்கமில்லாதவன் என்று பேர். "நீங்கள் சொன்னது தப்பு" என்றால் கேட்கவே வேண்டாம். கண்ணாடிக் குடுவை கழுவும் அம்மாள் என்ன கழுவுகிறார் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. டீக்கடையிலேயே தனிக் குவளை வைத்த நாடு இது. அந்தப் புத்தி ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா?

மேசை போட்டுவிட்டால் நோபல் பரிசு வந்துவிடாது. பெரூட்ஸுக்கு 22 வருஷம் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அதுவும் வேண்டும். ஆனால் பணம் மேலே இருந்து வர வேண்டும். மேசைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாளைக்கே போடலாம்.

2013ல் கேம்பிரிட்ஜ் கூடத்துக்கு 21 கோடி பவுனில் புதுக் கட்டிடம் எழும்பியது. அதிலும் கேன்டீனை மறக்கவில்லை. மறுபடி உச்சி மாடியிலேயே வைத்தார்கள்.

நம் பக்கத்தில் அவ்வளவு செலவு வேண்டாம். வேப்ப மரத்தடியில் நாலு நீள பெஞ்சு போதும். பேராசிரியரும், மாணவியும், குடுவை கழுவும் அம்மாளும் உட்காரட்டும். ரத்தம் கொடுக்க வந்த ஊர்க்காரருக்கும் இடம் விடட்டும். அவர் கையில் ஒரு கிளாஸ் டீயைக் கொடுத்து, அவருடைய ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று தமிழில் சொல்லட்டும். "அது எப்படி?" என்று அவர் குறுக்கே கேட்பார்.