தலைவர்களைக் கொன்றால் இயக்கம் அழிகிறதா?

பாகிஸ்தானின் பாலாகோட்டில் ஜெய்ஷ்-இ-முகமது என்ற பயங்கரவாத அமைப்பின் முகாமை இந்திய விமானப் படை தாக்கிய அடுத்த வாரம், 2019 மார்ச் 4 அன்று, அன்றைய விமானப் படைத் தளபதி பி.எஸ்.தனோவா கோவையில் செய்தியாளர்களைச் சந்தித்தார். எத்தனை பயங்கரவாதிகள் இறந்தார்கள் என்று கேட்டார்கள். உயிரிழப்பை எண்ணுவது எங்கள் வேலை அல்ல; இலக்கைத் தாக்கினோமா இல்லையா என்பதைத்தான் பார்ப்போம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். ஒரு படைத் தளபதி சொல்லக்கூடிய நேர்மையான பதில் அது. ஆனால், 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக பாஜக தலைவராக இருந்த அமித் ஷா அதற்கு முன்பே பேசிவிட்டார். நாடு அந்த எண்ணிக்கையைப் பற்றியே சண்டையிட்டது. ஆதாரம் கேட்டவர்கள் ராணுவத்தை அவமதிப்பதாக ஏசப்பட்டார்கள். ஜெய்ஷ்-இ-முகமது அந்தத் தாக்குதலால் பலவீனமடைந்ததா என்ற கேள்வி அந்தக் கூச்சலில் காணாமல் போனது.

அந்தக் கேள்வியை நிதானமாக ஆராய நமக்கு அண்டையிலேயே ஓர் இடம் இருக்கிறது: பாகிஸ்தானின் வஜீரிஸ்தான். அமெரிக்காவின் ட்ரோன்கள் அங்கே 2004 முதல் பறந்தன. 2010-ல் மட்டும் பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதியில் நூறுக்கும் அதிகமான தாக்குதல்கள் நடந்தன.

முதலில் கொல்லப்பட்டவர், அங்கிருந்த தீவிரவாதத் தலைவர் நெக் முகமது. 2004 ஏப்ரலில் பாகிஸ்தான் ராணுவத்துடன் ஷகாயில் சமரசம் செய்துகொண்டவர். அது முறிந்ததும் ஜூனில் ஏவுகணைக்கு இரையானார். அடித்தது சிஐஏ, தாங்களே செய்ததாகச் சொல்லிக்கொண்டது பாகிஸ்தான் ராணுவம். இந்தத் தாக்குதல்களின் வரலாறு தொடங்கியதே பொய்க்கணக்கில்தான். 2007 டிசம்பரில் பல குழுக்கள் ஒன்றுசேர்ந்து பாகிஸ்தான் தாலிபான் உருவானது. அதன் தலைவர் பைதுல்லா மெசூத் 2009 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். இயக்கத்தின் கதை முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அந்த டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் கோஸ்த் நகருக்கு அருகே இருந்த சிஐஏ முகாமுக்குள் ஒரு மனித வெடிகுண்டு புகுந்து, அந்த அமைப்புக்காகப் பணியாற்றிய 7 பேரைக் கொன்றது. புதிய தலைவர் ஹகிமுல்லா மெசூதின் அருகில் அமர்ந்து, பைதுல்லாவுக்காகப் பழிவாங்குவதாக அந்த ஆள் பேசிய காணொளி பிறகு வெளியானது. 2010 மே மாதம் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வெடிக்காமல் போன கார் குண்டை வைத்தவரும் இவர்களிடம் பயிற்சி பெற்றவரே.

ஹகிமுல்லா 2013 நவம்பர் 1 அன்று கொல்லப்பட்டபோது, இஸ்லாமாபாத் அரசு பேச்சுவார்த்தைக்குத் தூது அனுப்பவிருந்தது. அது நின்றுபோனது. அடுத்து வந்த ஃபஸ்லுல்லா முந்தையவரைவிடக் கொடியவர். அவருடைய தலைமையில்தான் 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளியில் 130-க்கும் மேற்பட்ட மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2018-ல் ட்ரோன் தாக்குதலில் அவரும் இறந்தார். நூர் வாலி மெசூத் பொறுப்பேற்றார். பிரிந்துபோயிருந்த குழுக்களைத் திரும்பச் சேர்த்தார். 2021-ல் காபூல் ஆப்கன் தாலிபான் கைக்கு வந்தபின் பாகிஸ்தானில் தாக்குதல்கள் மீண்டும் பெருகின. மூன்று தலைவர்களும் தப்பவில்லை. இயக்கமும் சாகவில்லை.

இதைக் காட்டி, தாக்குதல்களால் எந்தப் பயனும் இல்லை என்று வாதிடுவதும் தவறு. அல்-காய்தா தலைவர் பின்லேடன் ஒளிந்திருந்த அபோதாபாத் வீட்டில் கிடைத்த கடிதங்களில், வஜீரிஸ்தானை விட்டு வெளியேறும்படி அவரே தன் ஆட்களை அறிவுறுத்துகிறார். அல்-காய்தாவின் தலைமை அங்கே உண்மையாகவே சிதைந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சிலரைக் கொண்ட அமைப்பு அது. அனுபவசாலி ஒருவர் போனால் அந்த இடத்தை நிரப்ப ஆள் கிடைப்பது கடினம். பாகிஸ்தான் தாலிபானுக்கு அங்கேயே குலமும் உறவும் பகையும் இருந்தன, ஆளுக்குப் பஞ்சமில்லை. 2014 ஜூனில் பாகிஸ்தான் ராணுவம் தரைவழியே வடக்கு வஜீரிஸ்தானுக்குள் நுழைந்த பிறகுதான் வன்முறை சில ஆண்டுகள் கணிசமாகக் குறைந்தது. அதற்காக லட்சக்கணக்கான மக்கள் ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தது. எல்லைக்கு அப்பால் ஆப்கானிஸ்தானில் புகலிடம் மிஞ்சியதால் அந்த அமைதியும் நிலைக்கவில்லை. வானத்திலிருந்து அடிப்பது அவகாசத்தை வாங்கித் தரும்; அந்த அவகாசத்தில் தரையில் என்ன செய்கிறோம் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

இனி, இறந்தவர்கள் யார் என்ற கேள்வி. போர்க்களம் என்று அறிவிக்கப்படாத நாடுகளில் 2009 முதல் 2015 வரை நடத்திய 473 தாக்குதல்களில் 64 முதல் 116 பொதுமக்கள் இறந்ததாக ஒபாமா அரசு 2016-ல் அறிவித்தது. வெளியாரின் கணக்குகள் இதைப் போலப் பல மடங்கு. 2011 மார்ச் 17 அன்று வடக்கு வஜீரிஸ்தானின் தத்தா கேலில் ஒரு குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்கக் கூடியிருந்த ஜிர்கா என்னும் பழங்குடிப் பஞ்சாயத்தின் மீது ஏவுகணைகள் விழுந்தன. சுமார் 40 பேர் இறந்தார்கள். பஞ்சாயத்துக்கு வந்த ஊர்ப் பெரியவர்கள் அவர்களில் பலர். தீவிரவாதிகளுக்கு எதிராக அந்த மண்ணில் நிற்கக்கூடியவர்களும் அவர்களே. இந்த இழப்பை எந்த வெற்றிப் பட்டியலில் கழிப்பது?

2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவை அமெரிக்க ட்ரோன் மணிக்கணக்கில் பின்தொடர்ந்தது. காரில் தண்ணீர் கேன்களை ஏற்றியது, மேலிருந்து பார்த்தவர்களுக்கு வெடிமருந்து ஏற்றியதாகத் தெரிந்தது. ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர். அவரோடு வீட்டு வாசலில் இறந்தவர்கள் 9 பேர். மொத்தம் 10 உயிர்களில் 7 குழந்தைகள். நியாயமான தாக்குதல் என்று முதலில் சொன்ன ராணுவத் தலைமை, பத்திரிகைகள் உண்மையைத் தோண்டியெடுத்த பிறகு, செப்டம்பர் 17 அன்று தவறை ஒப்புக்கொண்டது. யாரும் தண்டிக்கப்படவில்லை. உலகின் கேமராக்கள் குவிந்திருந்த காபூலிலேயே இப்படி என்றால், செய்தியாளர் எட்ட முடியாத மலைக் கிராமங்களின் கணக்கை எப்படி நம்புவது?

நமக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். 2019-ல் ஜெய்ஷ் முகாமைத் தாக்கினோம். 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பின், மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் என்ற பெயரில் ஒன்பது இடங்களைத் தாக்கினோம். ஜெய்ஷின் தலைமையிடமான பகவல்பூரும் அதில் ஒன்று. இரண்டு முறையும் அரசு வெற்றி என்றது. எது வெற்றி? ஊடுருவல் குறைவதா, ஆள்சேர்ப்பு நிற்பதா, பாகிஸ்தான் ராணுவம் இந்த அமைப்புகளைக் கைவிடுவதா? முன்கூட்டி அளவுகோலைச் சொல்லாத அரசு, பின்னர் எதையும் வெற்றி என்று அறிவிக்கலாம். அதைச் சரிபார்க்க ஒரு வாரம் போதாது. மூன்று ஆண்டுகளாவது வேண்டும். சரிபார்ப்பவர் தாக்கியவராக இருக்கவும் கூடாது.

இப்படிச் சரிபார்த்தால் ரகசியம் கெட்டுவிடும் என்பார்கள். ஆனால், கார்கில் போர் 1999 ஜூலையில் முடிந்த சில நாட்களிலேயே வாஜ்பாய் அரசு ஒரு மறுஆய்வுக் குழுவை அமைத்தது. அதன் தலைவர், திருச்சியில் பிறந்த கே.சுப்பிரமணியம். உளவுத் துறையின் குறைகளை வெளிப்படையாகச் சொன்ன அந்த அறிக்கை, ரகசியப் பகுதிகள் நீக்கப்பட்டு, 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நாட்டின் பாதுகாப்புக்கு அதனால் கேடு வரவில்லை. அத்தகைய ஒரு குழுவை பாலாகோட்டுக்கும் ஆபரேஷன் சிந்தூருக்கும் அமைக்கும்படி நம் மக்களவை உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி அவையில் எழுந்து கேட்க வேண்டும்.